முப்பது நோன்பும் வைத்த மகள்: உண்ணுதல் கோளாறை வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது?





பெருநாள் அன்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் ஒரு உம்மா சந்தோஷமாகச் சொல்கிறார்: "இந்த வருசம் என் மகள் முப்பது நோன்பையும் விடாம வச்சிட்டா. ஷவ்வால் ஆறு நோன்பையும் நாளைக்கே ஆரம்பிக்கிறேன்னு சொல்றா." மகளுக்குப் பதினாறு வயது. கேட்டவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்கிறார்கள். "ஆளும் நல்லா மெலிஞ்சு அழகாயிட்டா" என்று ஒரு மாமி சேர்த்துச் சொல்கிறார். உம்மம்மா மட்டும் மெதுவாகக் கேட்கிறார்: "முப்பதுமா? நடுவுல ஒரு நாள்கூட விடலையா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உம்மா கணக்குப் பார்க்கிறார். மகளுக்கு மாதவிடாய் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. ஹைளு நாட்களில் நோன்பு கிடையாது என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். களா நோன்பு ஒன்றுகூட இல்லாமல் ரமளான் முடிந்ததை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. பாடத்துக்காக எழுதிய உதாரணம். ஒரு மாதம் தள்ளிப்போனதும் பயந்துவிட வேண்டாம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு பிள்ளை மெலிந்துகொண்டே போகிறது, சாப்பாட்டைத் தவிர்க்கிறது, மாதவிடாயும் நின்றுவிட்டது என்றால் அது பக்குவமும் அல்ல, பிடிவாதமும் அல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒரு நோயாக இருக்கலாம். இந்த மாதப் பாடம் அந்த நோயைப் பற்றியது.

இது என்ன நோய்?

ஈட்டிங் டிஸார்டர் என்று மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் உண்ணுதல் கோளாறு என்கிறோம். இதில் முக்கியமானவை மூன்று.

முதலாவது அனோரெக்ஸியா நெர்வோசா. உடலுக்குத் தேவையானதைவிட மிகக் குறைவாகச் சாப்பிட்டு, ஆபத்தான அளவுக்கு மெலிந்துபோவது. மெலிந்த பிறகும் "நான் குண்டாக இருக்கிறேன்" என்றே அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். மனநோய்களில் உயிரிழப்பு அதிகமாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று.

இரண்டாவது புலிமியா நெர்வோசா. கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிடுவதும், பிறகு குற்ற உணர்ச்சியில் அதை வாந்தி எடுத்தோ, மாத்திரை போட்டோ, பட்டினி கிடந்தோ ஈடுகட்ட முயல்வதும் மாறி மாறி நடக்கும். இவர்களின் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதனால் வருடக்கணக்கில் வெளியே தெரியாது.

மூன்றாவது பிஞ்ச் ஈட்டிங். பசி இல்லாதபோதும் குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, பெரும்பாலும் தனியாக மறைந்து சாப்பிட்டு, பிறகு வெட்கப்பட்டு அழுவது. இதில் வாந்தி எடுப்பது போன்றவை இருக்காது. இதைப் "பேராசை" என்று திட்டுகிறோம். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டு நூல் இதைத் தனி நோயாகவே சேர்த்தது.

"செல்போன் வந்த பிறகு வந்த வியாதி" என்று சிலர் சொல்வார்கள். செல்போன் இதை மோசமாக்கலாம். ஆனால் நோய் பழையது. 1873இலேயே லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் லாசேக் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இதை விவரித்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆண் பிள்ளைகளுக்கும், திருமணமானவர்களுக்கும், நடுத்தர வயதினருக்கும்கூட வரும்.

பட்டினி மனதையும் மாற்றும்

"சாப்பிடு என்றால் சாப்பிட வேண்டியதுதானே, இதில் என்ன நோய்?" என்று வாப்பாமார்கள் கேட்பது இயல்பு. இதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய ஆய்வு உதவும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். உடலும் மனமும் நல்ல நிலையில் இருந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான். எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது.

எடையோடு குணமும் மாறியது. எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்து அளைந்து சாப்பிட்டார்கள். எரிச்சல், சோகம், குளிர், யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் வந்தன. மீண்டும் வயிறாரச் சாப்பாடு கிடைத்தபோது, சிலரால் சாப்பிடுவதை நிறுத்தவே முடியவில்லை.

நல்ல மனநிலையோடு இருந்தவர்களுக்கே பட்டினி இப்படிச் செய்தது என்றால், ஏற்கெனவே மனத்தில் பயம் இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்யும்? உடல் மெலிய மெலிய மூளையும் பட்டினியில் சிக்குகிறது. சிக்கிய மூளை, சாப்பிடாதே என்றே சொல்கிறது. அந்தச் சுழலிலிருந்து பிள்ளை தானாக வெளியே வர முடியாது. அதனால்தான் அறிவுரை மட்டும் போதுவதில்லை.

நம் வீடுகளில் ஏன் கண்ணில் படுவதில்லை?

நம் வாழ்க்கை முறையில் உள்ள நல்ல பழக்கங்களே சில நேரம் இந்த நோய்க்குத் திரையாகிவிடுகின்றன.

சஹனில் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுவது நம் ஊர்களில் பரக்கத்தான வழக்கம். ஆனால் ஒரே தட்டில் கை போடும்போது யார் எத்தனை கவளம் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. கறியைப் பக்கத்தில் உள்ளவருக்குத் தள்ளிவிட்டு, சோற்றை அளைந்துகொண்டே ஒரு பிள்ளை எழுந்துவிடலாம்.

அபாயாவும் தளர்வான உடையும் எடை குறைவதை மறைத்துவிடும். பல உம்மாக்கள் மகளின் தோள் எலும்பையும் மணிக்கட்டையும் பெருநாளுக்குத் துணி தைக்க அளவெடுக்கும்போதுதான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது நோன்பு. திங்கள், வியாழன், மாதத்தில் மூன்று நாள், ஷவ்வால் ஆறு என்று ஸுன்னத்தான நோன்புகள் வருடம் முழுக்க உண்டு. இக்லாஸோடு வைக்கும் பிள்ளைகளே அதிகம். ஆனால் சாப்பிடப் பயப்படும் பிள்ளைக்கு, "நான் நோன்பு" என்ற ஒரு சொல் எல்லாக் கேள்வியையும் நிறுத்திவிடுகிறது. வணக்கத்தை எப்படிச் சந்தேகப்படுவது என்று உம்மாவும் விட்டுவிடுகிறார். கவனிக்க வேண்டியது நோன்பு திறந்த பிறகு நடப்பதை. மஃரிபுக்குப் பிறகும் கஞ்சியும் தண்ணீரும் மட்டுமா? சஹருக்கு எழும்பாமல் "பசிக்கல" என்கிறதா? நோன்பு திறந்து நிறையச் சாப்பிட்ட உடனே கழிவறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருக்கிறதா?

இன்னொரு விஷயமும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் "குண்டாகிவிடுவேன்" என்று சொல்லாமலும் இருக்கலாம். "வயிறு உப்பலா இருக்கு", "நெஞ்சு கரிக்குது", "சாப்பிட்டா குமட்டுது" என்பார்கள். ஆசிய நாடுகளில் இப்படி வயிற்றுக் கோளாறாகவே வெளிப்படும் நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வயிற்றுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தும் எடை குறைந்துகொண்டே போனால், மனநலக் காரணமும் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல அறிகுறிகள் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் கவனியுங்கள்.

சாப்பாட்டில்:
1. வீட்டார் சாப்பிடும் நேரத்தைத் தவிர்ப்பது. "ஃப்ரெண்ட் வீட்டில் சாப்பிட்டேன்", "அப்புறம் சாப்பிடுறேன்" என்று அடிக்கடி சொல்வது.
2. முதலில் எண்ணெய், பிறகு சோறு, பிறகு கறி என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவது.
3. மற்றவர்களுக்கு ஆசையாகச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் இருப்பது.
4. பிஸ்கட், இனிப்பு, மீந்த பிரியாணி எல்லாம் இரவோடு இரவாகக் காணாமல் போவது. காலி உறைகள் அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடப்பது.
5. சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போவது. பேதி மாத்திரையோ மெலிவதற்கான மருந்தோ பையில் இருப்பது.

உடலில்:
6. எடை குறைவது, அல்லது வளரும் வயதில் எடை ஏறாமல் நிற்பது.
7. மாதவிடாய் நிற்பது அல்லது தாறுமாறாவது.
8. வெயில் காலத்திலும் குளிர்வது, கை கால் சில்லிடுவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது.
9. தலைமுடி கொட்டுவது; கையிலும் முதுகிலும் மெல்லிய பூனைமுடி வளர்வது.
10. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பல் எனாமல் தேய்வது, காதுக்குக் கீழே கன்னம் வீங்குவது, விரல் முட்டியில் காய்ப்புக் காய்ப்பது.

மனத்தில்:
11. நாளைக்குப் பலமுறை எடை பார்ப்பது, கண்ணாடி முன் நிற்பது, அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது.
12. களைத்துப்போயும் உடற்பயிற்சியை நிறுத்த முடியாமல் இருப்பது. ஒரு நாள் தவறினால் பதறுவது.
13. சிரித்துப் பேசிய பிள்ளை ஒதுங்குவது, எரிந்துவிழுவது. கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டால் அழுவது.

ஆண் பிள்ளைகளில் இது வேறு முகத்தில் வரும். "சிக்ஸ் பேக்" வேண்டும் என்று ஜிம்மே கதியாக இருப்பது, வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு பவுடரும் முட்டை வெள்ளையும் மட்டும் எடுப்பது, ஒரு வாய் பரோட்டா சாப்பிட்டதற்காக மறுநாள் முழுக்கத் தன்னைத் தண்டிப்பது. "பையன் நல்லா உடம்பைப் பாத்துக்கிறான்" என்று பாராட்டிக்கொண்டிருப்போம்.

எப்படிப் பேசுவது?

எல்லார் முன்னாலும், தட்டுக்கு முன்னாலும் பேசாதீர்கள். தனியாக, அமைதியான நேரத்தில், பிள்ளைக்குப் பிரியமான ஒருவர் பேசட்டும். அது உம்மாவாக இருக்க வேண்டும் என்றில்லை. லாத்தாவாகவோ சாச்சியாகவோ இருக்கலாம்.

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "கொஞ்ச நாளா நீ எங்ககூட சாப்பிட வர்றதில்ல. தலைசுத்துதுன்னு ரெண்டு தடவை உக்காந்துட்ட. எனக்குக் கவலையா இருக்கும்மா. உன்னைத் திட்ட வரல. டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்." இவ்வளவு போதும். முதல் தடவை பிள்ளை "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். கோபப்படாமல், மறுபடியும் கேளுங்கள்.

"எலும்புக்கூடு மாதிரி இருக்கே", "இதுக்கா உன்னைப் படிக்க வைக்கிறோம்", "சோத்தை வீணாக்குறது பாவம் தெரியாதா" போன்ற பேச்சு வேண்டாம். பாவ உணர்ச்சி ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்கு அளவுக்கு மேல் இருக்கிறது. "இப்பத்தான் கன்னம் வச்சு அழகா இருக்கே" என்ற பாராட்டுகூட, தேறிவரும் பிள்ளையின் காதில் "குண்டாகிவிட்டாய்" என்றே விழும்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் நம்பிக்கை. அதை விட வேண்டாம். ஆனால் கண்ணேறு, ஜின் என்று மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, கடைசியில் மருத்துவமனைக்குப் போவது ஆபத்து. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். துஆவும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ போங்கள். எடை, நாடி, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு, தேவைப்பட்டால் இ.சி.ஜி. பார்ப்பார்கள். தைராய்டு, சர்க்கரை, காசநோய் போன்ற வேறு காரணங்கள் இல்லையா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பிறகு மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கீழ்க்கண்டவை இருந்தால் நாள் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: மயங்கி விழுவது, நெஞ்சுவலி அல்லது படபடப்பு, விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்கும் கீழே இருப்பது, தண்ணீர்கூட இறங்காமல் இருப்பது, வாந்தியில் ரத்தம், சாக வேண்டும் என்ற பேச்சு. அடிக்கடி வாந்தி எடுப்பதால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். எடை சாதாரணமாக இருப்பவருக்கும் இது நடக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு, பயத்தில் ஒரேயடியாக நெய்ச்சோறும் கறியும் ஊட்டித் தேற்ற முயலாதீர்கள். வற்றிய உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான ஒரு சிகிச்சை முறை நல்ல பலன் தருகிறது. அதில் பெற்றோரே முக்கியமானவர்கள். மருத்துவர் வழிகாட்ட, ஒவ்வொரு வேளையும் பிள்ளையோடு உட்கார்ந்து, பொறுமையாகச் சாப்பிட வைக்கும் பொறுப்பு அவர்களுடையது. "பெற்றோர்தான் காரணம்" என்று அங்கே யாரும் குற்றம் சாட்டுவதில்லை. குணமாக மாதங்கள் ஆகும். சிலருக்கு வருடங்கள் ஆகும். ஆனால் குணமாகிறவர்கள் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் வாய்ப்பு அதிகம்.

"வெளியே தெரிஞ்சா மாப்பிள்ளை அமையாதே" என்ற பயம் நம் வீடுகளில் பெரியது. மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கிறது. கல்யாணம் முடித்துவைத்தால் சரியாகிவிடும் என்றும் எண்ணாதீர்கள். நோயும் மகளோடு புகுந்த வீட்டுக்குப் போகும். அங்கே கவனிக்க உம்மா இருக்கமாட்டார்.

நோன்பு பற்றி

நோயாளிகள் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையை அல்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 184, 185 ஆகிய வசனங்கள் தருகின்றன. இந்த நோயும் நோய்தான். மருத்துவர் கூடாது என்று சொன்ன பிறகு நோன்பை விடுவது பலவீனம் அல்ல; அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வது. எப்போது மறுபடியும் நோற்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். களாவா, ஃபித்யாவா என்பதை, மருத்துவர் சொன்னதை எடுத்துச்சொல்லி, உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். வீட்டில் எல்லாரும் நோன்பு இருக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவது அந்தப் பிள்ளைக்கு மிகவும் கூச்சமாக இருக்கும். நோன்பில் இல்லாத ஒருவரோ, சின்னப் பிள்ளைகளோ பகல் சாப்பாட்டில் அதற்குத் துணையாக உட்காரட்டும்.

சல்மான் (ரலி) அவர்கள், தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போன செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அபுத்தர்தா நோன்பிலும் இரவு வணக்கத்திலும் தம்மையே வருத்திக்கொண்டிருந்தார். நீங்கள் சாப்பிடாமல் நானும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லி, சல்மான் அவரைச் சாப்பிட வைத்தார். இறைவனுக்கு உரிமை இருப்பதுபோல உங்கள் உடலுக்கும் குடும்பத்துக்கும் உங்கள்மீது உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னார். இது தெரியவந்தபோது, சல்மான் சொன்னது உண்மை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உபரியான நோன்புகளின் பெயரில் உடலை வருத்தும் பிள்ளையிடம் அன்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வரலாறு இது.

நம் பேச்சைத் திருத்துவோம்

இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று எதுவும் கிடையாது. பரம்பரை, மனக்கவலை, எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற குணம், கேலி எல்லாம் சேர்ந்து வருகிறது. அதில் கேலியை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பார்த்தவுடன் "என்ன இப்படி ஊதிட்டே?" என்பதும், பெண் பார்க்கப் போய்விட்டு வந்து "பிள்ளை கொஞ்சம் தடிப்பு" என்பதும், மதரஸாவில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் சொல்பவருக்கு விளையாட்டு. கேட்ட பிள்ளை அதை வருடக்கணக்கில் சுமக்கிறது.

வீட்டில் சேர்ந்து பேச:
1. இந்த வாரம் நாம் எத்தனை வேளை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்?
2. நம் வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியாவது கேலி செய்கிறோமா? அதை இன்றே நிறுத்த முடியுமா?
3. நம் பிள்ளைக்கு மனக்கஷ்டம் என்றால் வீட்டில் யாரிடம் வந்து சொல்லும்?
4. மேலே உள்ள அறிகுறிகளைப் படித்தபோது யாருடைய முகமாவது நினைவுக்கு வந்ததா? அவரோடு எப்போது, யார் பேசுவது?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். அந்த உம்மம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அவர் கேட்டதால் ஒரு வீடு கணக்குப் பார்த்தது.

நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும், அவர்களைப் புரிந்துகொள்ளும் பொறுமையை நமக்கும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.